சரிவு பத்தாத சாய்ப்பு

இந்த ஓடும் ஆடவில்லை. ரீப்பர் கட்டையின் மேல் அதை வைத்து, எதிரெதிர் மூலைகளில் உள்ளங்கைகளை ஊன்றி மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தார் மந்திரமூர்த்தி. கோணல் ஓடாக இருந்தால் தொட்டில் மாதிரி ஆடும். ஆடினால் எடுத்துக் கீழே எறிந்துவிடலாம், எறியும்போது ஒரு வசவும் சொல்லலாம், மனசு கொஞ்சம் ஆறும். ஆடவில்லை. பக்கத்து ஓட்டின் பள்ளத்துக்குள் தன் உதட்டை இறக்கிவிட்டு, பிறந்ததிலிருந்தே அங்கே கிடந்தது போல உட்கார்ந்துகொண்டது. வெயில் வருமுன்னே ஏணியில் ஏறியவர் இதுவரை போட்டதில் ஒன்றுகூட ஆடவில்லை. நல்ல சரக்கு கிடைத்தது என்று சந்தோசப்பட வேண்டும், முறைப்படி. சந்தோசம் வரவில்லை. எங்கோ இடித்த ஒரு அரிசி மில்லிலிருந்து வந்த பழைய ஓடுகள் இவை. ஆற்றங்கரை ஓட்டுக் கம்பெனி மூடின வருசம் மலிவாகக் கிடைத்ததென்று மில்காரர் வாங்கிப் போட்டதாம். விற்றவன் அப்படித்தான் சொன்னான். அந்தக் கம்பெனியை மூடவைத்த ஆளிடமே அதைச் சொல்லுகிறோம் என்று தெரியாமல், சொல்லி முடித்துவிட்டு பீடிக்குத் தீப்பெட்டி கேட்டான். மூடவைத்த ஆள். ஊர் அப்படித்தான் சொல்கிறது. மூடியது முதலாளி. பூட்டு அவனுடையது, சாவி அவனுடையது, மூடிய கையும் அவனுடையது. முப்பது வருசமாக இதை யாருக்காவது விளக்க வேண்டியிருந்தது. இப்போது விளக்கம் கேட்கவும் ஆள் இல்லை. கம்பெனி மூடின வருசம் என்றால் கடைசிச் சூளை. கடைசிச் சூளை என்றால், வேலைநிறுத்தம் முடிந்ததும் அதில் வெந்த அந்தப் பச்சை ஓடுகள். அந்தப் பச்சை ஓடுகள் என்றால்... அடுத்த ஓட்டை எடுத்தார். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பார்க்கக்கூடாது என்று போன வரிசையில்தான் முடிவு செய்திருந்தார்.

மத்தியான பஸ்ஸில் உலகம்மாள் வருகிறாள். சங்கரன்கோயிலில் ஒரு பஸ், தென்காசியில் மாறி இன்னொரு பஸ். ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல், சங்க அலுவலகத்தில் மாலை மாற்றிக் கூட்டிவந்த பெண்டாட்டி. வேலைநிறுத்தம் முடிந்த கையோடு ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவள், முப்பது வருசமாகத் திரும்பவில்லை. அந்த அண்ணன் போன தை மாதம் செத்துப்போனான். அண்ணன் மகன் வீட்டில் அவளுக்கு இப்போது அடுப்படி ஓரம்தான் படுக்கை என்று, அந்த வீட்டுக்கு ஜன்னல் மாட்டப் போன கொம்பையா ஆசாரி வந்து சொன்னார். "நானாத்தான் கேட்டேன்வே, மதினி அங்க வந்திரலாம்லான்னு." "அதுக்கு என்ன சொன்னா?" "அந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன், பக்கத்துல ஒரு சாய்ப்பு எறக்கித் தந்தா வந்து பாக்கேன்னு சொன்னா." தனி வாசல் வேண்டும். தனி அடுப்பு வேண்டும். அவருடைய சட்டி, செம்பு, பாய் என்று ஒரு துரும்பு அதற்குள் இருக்கக்கூடாது. வாசல் குனியாமல் நுழைகிற மாதிரி இருக்க வேண்டும். பார்த்துப் பிடிக்கவில்லையென்றால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவாள். கோரிக்கை கொடுத்தே பழகியவர் மந்திரமூர்த்தி, வாங்கிப் பழக்கமில்லை. இருந்தும் ஒரு பேச்சுவார்த்தைகூட இல்லாமல் அத்தனையையும் ஒத்துக்கொண்டார். வாழ்நாளில் எந்த முதலாளியும் அவரிடம் அப்படி ஒத்துக்கொண்டதில்லை. அதைச் சொல்லிக் கொம்பையா சிரித்தார். "ஒரு முழக்கம்கூட போடாம ஜெயிச்சிட்டாளே மதினி." அவருக்குச் சிரிப்பு வரவில்லை. குனியாமல் நுழைகிற வாசல். பழைய வீட்டின் வாசல் தாழ்வு. தண்ணீர்க் குடத்தை இடுப்புக்கு இறக்கி, தலையைத் தாழ்த்தி, ஒரு கையால் நிலையைத் தொட்டுக்கொண்டே நுழைவாள். உயர்த்திக் கட்டுவோம் என்று ஒவ்வொரு வருசமும் சொன்னார். அந்த வருசங்களில் தெருவுக்குத் தெரு மேடை போட்டு, யாருக்கும் குனியாதே என்று பேசிக்கொண்டிருந்தார். பேசிவிட்டு நள்ளிரவில் வந்து அந்த வாசலில் அவரும்தான் குனிந்தார். அதை யாரும் நினைப்பதில்லை.

இப்போது இந்தச் சாய்ப்பின் சரிவு பத்தாததற்கு அவள் கேட்ட உயர வாசல்தான் காரணம். பழைய வீட்டின் மேற்குச் சுவரில், மட்டப்பா என்கிற தட்டைக் கூரைக்குக் கீழே ஒரு சாண் இடம்தான் உண்டு. ஓட்டைத் தாங்கும் கைமரத்தின் மேல்நுனி அதற்கு மேல் ஏறாது. மேலே ஏற்ற வழியில்லை என்றால் கீழே இறக்க வேண்டும், எதிர்ச் சுவரைக் குட்டையாக்க வேண்டும். குட்டையாக்கினால் வாசல் தாழும். "வாசலுக்கு ஒரு சாண் கொறைச்சுக்கிடுவோம்வே," என்றார் கொம்பையா, மட்டக்கோலை மடியில் வைத்துக்கொண்டு. "இது ஓடு. தண்ணி ஓடணும், நடக்கக்கூடாது. சாரல் மேக்க இருந்துதான் அடிக்கும், நேரா மொகத்துல. இந்தச் சரிவுல அடிச்சா தண்ணி மேல ஏறி, ஓட்டுக்கு அடியில பூந்து உள்ள வரும்." "வாசல் குறையாது." "சரி, தகரத்தப் போடும். தகரத்துக்குச் சரிவு வேண்டாம்." "தகரத்துக்கு அடியில மனுசி படுப்பாளா?" "அப்ப ஒழுகும்." "ஒழுகாம போடுதேன்." "நீரு ஓடு செஞ்ச ஆளு இல்லவே, ஓடு செஞ்சவங்களுக்காகப் பேசுன ஆளு," என்று சொல்லிவிட்டு, பேசியது அதிகமோ என்று ஆசாரி ஒருமுறை மூக்கைச் சொறிந்தார். அப்புறம் நேற்று சாயங்காலம் கடைசி ஆணியை அறைந்து, ஓடுகளையெல்லாம் மட்டப்பாவில் ஏற்றி அடுக்கிக் கொடுத்துவிட்டு, ஒழுகினால் எம்பேரைச் சொல்லாதேயும் என்று உளிப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை. ஒரு காலத்தில் மந்திரமூர்த்தியோடு கோபித்துக்கொள்ள ஒரு ஊரே இருந்தது. சூளைக்கு விறகு தள்ளுகிற ஆளாகக் கம்பெனிக்குள் நுழைந்து அவர் சங்கம் கட்டியபோது அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும். நாலணாப் பிரசுரங்களை ஒவ்வொன்றாகப் படித்து உபரி மதிப்பு என்றால் என்ன என்று தெரிந்துகொண்டவர். படித்ததைப் பிறகு ஓடு சுமக்கிற பெண்களுக்கு விளக்கினார். அவர்கள் கேட்டார்கள். உலகம்மாளும் கேட்டாள். கேட்டுவிட்டு, "அது சரி, எம் பல்லுக்கு அந்த உபரியில ஒரு வைத்தியம் உண்டா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் அவளை அவர் முதன்முதலாகப் பார்த்தார்.

கட்டுக்கம்பியை ஓட்டின் துளையில் விட்டு, ரீப்பரைச் சுற்றி முறுக்கினார். கட்டாமல் விட்டால் ஆனிக் காற்று ஓட்டைக் கிளப்பிக்கொண்டு போகும். பலகையில் குந்தியிருந்ததில் முழங்கால் மரத்துப்போயிருந்தது. இந்த உயரத்திலிருந்து விழுந்தால் சாக மாட்டோம், அதுதான் பயம். காலை முறித்துக்கொண்டு முற்றத்தில் கிடப்போம், அவள் வந்து பார்ப்பாள், பார்த்தால் பாவம் என்று நினைப்பாள். பாவத்துக்காக ஒருத்தி தங்கக்கூடாது. அதற்கு அடுத்த பஸ்ஸே மேல். அடுத்த ஓடு. திருப்பினார். அடிப்பக்கம் மூலையில் பிறை மாதிரி ஒரு கீறல், நகத்தால் கீறியது, சூளையில் வெந்து கல்லாகிப் போன கீறல். பச்சை ஓட்டில் பிசிறு எடுக்கிற பெண்கள் எண்ணிக்கைக் கூலிக்காரிகள். எது யாருடையது என்று சாயங்காலம் மேஸ்திரி எண்ணுவதற்காக ஆளுக்கொரு நகக்குறி வைப்பார்கள். ஒருத்திக்குப் பிறை, ஒருத்திக்கு மூன்று கீறு, ஒருத்திக்குக் குறுக்குக் கோடு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் சூடு போடுவது போலத் தொழிலாளிப் பெண்ணுக்கு அடிமைக் குறி என்று அவரே எழுதினார், அவரே கையால் சுற்றும் மிஷினில் அச்சடித்தார். நகக்குறியை ஒழி, நாட்கூலி கொடு. நல்ல முழக்கம். பெண்களுக்குத்தான் அது என்னவோ ஒட்டவில்லை. "குறிய எடுத்துட்டா எது யாரு செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?" என்று உலகம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "யாரு செஞ்சா என்ன? எல்லாம் தொழிலாளி செஞ்சது." "எல்லாரும் ஒண்ணுபோலவா செய்யுதோம்?" அவர் பதில் சொன்னார். நீளமான பதில், வர்க்கம் என்ற சொல் நாலைந்து இடத்தில் வரும். அவள் அதற்குள் கை கழுவப் போய்விட்டாள். இப்போது காலையிலிருந்து ஓடு ஓடாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறை வருகிறது, மூன்று கீறு வருகிறது, புள்ளிகள் வருகின்றன, மீன்முள் மாதிரி ஒன்று வருகிறது. இதில் அவளுடையது எது? தெரியவில்லை. கம்பெனியின் மூன்று வருச உற்பத்தியை, லாபத்தை, கூலியை மூச்சுவிடாமல் ஒப்பித்தவருக்கு, ஒரே பாயில் படுத்தவளின் நகம் எப்படிக் கீறும் என்று தெரியவில்லை. மறந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பச்சை ஓடுகள். அதற்கு வராமல் மனசு எவ்வளவு சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் வந்து முட்டுகிறது. வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று, அச்சிலிருந்து எடுத்த ஈர ஓடுகள் உலர்த்தும் கொட்டகையில் அடுக்கடுக்காக நின்றன. அவற்றை வேளைக்கு வேளை புரட்டிப் போட வேண்டும். போடாவிட்டால் காற்றுப் பட்ட பக்கம் இழுத்துக் கோணிக்கொள்ளும். கோணட்டும் என்பதுதான் முடிவு. கோணிய ஓடு முதலாளிக்கு நட்டம், நட்டம்தான் அவனுக்குப் புரிகிற பாஷை. உலகம்மாள் பின்பக்க வேலியைத் தாண்டிப் போய்ப் புரட்டினாள். கூலி இல்லை, யாரும் கூப்பிடவில்லை. பகலில் கம்பெனி வாசல் மறியலில் உட்கார்ந்து கோஷம் போடுவாள், பொழுது சாய்ந்ததும் போய் ஓடு புரட்டுவாள். காவல்காரன் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. "கோணிப் போயிரும்ல," என்றாள். "கோணுனா உனக்கென்ன? அது முதலாளி சரக்கு." "என் கைபட்ட சரக்கு." இரண்டே வார்த்தை வித்தியாசம். மறுநாள் வாசல் கூட்டத்தில் கருங்காலிகளின் பேரைச் சொல்ல வேண்டியிருந்தது. வேறு மூன்று பேர் உள்ளே போயிருந்தார்கள். அந்த மூன்று பேரை மட்டும் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், தன் வீட்டை மறைத்தான் என்று நாளைக்கு ஒருவன் எழுந்து கேட்பான், கேட்டால் சங்கம் உடையும். ஆகவே அவள் பேரை முதலில் சொன்னார். கூடப் படுக்கிறவளாக இருந்தாலும் கருங்காலி கருங்காலிதான் என்று மைக்கில் சொன்னார். கைதட்டு அடங்க வெகுநேரம் ஆனது. கூட்டத்தின் ஓரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள், முழங்கை வரை களிமண் காய்ந்து வெளுத்திருந்தது. அது சரிதான். இன்றைக்கு நடந்தாலும் அதையேதான் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு நியாயம், பெண்டாட்டிக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது. அது சரிதான். சொன்ன விதம் வேறாக இருந்திருக்கலாம் என்று கொம்பையா ஒருமுறை சொன்னார். விதம் என்ன விதம். அது சரிதான். கையிலிருந்த ஓட்டை ரீப்பரில் வைத்து மூலைகளை அழுத்தினார். ஆடவில்லை. மில்லின் கூரையில் முப்பது வருசம் வெயிலில் கிடந்தும் ஒரு மயிரிழைகூடக் கோணாத ஓடு. சரிவு குறைந்த கூரையில் ஓடு கோணினால்தான் ஒழுகும். ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் படுத்தால் சாரலும் நுழையாது. இவை ஒட்டிப் படுக்கின்றன. யார் புரட்டிப் போட்டது என்று ஓட்டில் எழுதியில்லை. எழுதியிருக்கவும் வேண்டாம். அது சரிதான் என்று மறுபடியும் சொல்லிக்கொண்டார், இந்த முறை வாய்விட்டே சொன்னார்.

கடைசி வரிசைக்கு வந்தபோது மட்டப்பாவில் ஏறி மண்டி போட்டுக்கொண்டார். இங்கிருந்து பார்த்தால் ஆறு தெரிந்தது. கம்பெனியின் புகைக்குழாய் நின்ற இடத்தில் இப்போது கல்யாண மண்டபம், ரோஸ் வண்ணம் அடித்து, இரண்டு சிமெண்ட் யானைகளோடு. பூட்டின மறுவருசமே தொழிலாளர் காலனி காலியாகத் தொடங்கியது. திருப்பூருக்குப் போனார்கள், கேரளாவுக்குப் போனார்கள். போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள் முதலில், அப்புறம் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். சங்க அலுவலகத்தை வாடகை கொடுக்க முடியாமல் விட்டபோது மிச்சமிருந்த பிரசுரக் கட்டுகளை வீட்டுக்குத் தூக்கிவந்தார், இரண்டு நடையில் முடிந்துவிட்டது. மேற்கே மலை இல்லை. மேகம் அதை முழுசாக எடுத்துக்கொண்டிருந்தது. கணவாய் வழியாக ஈரக்காற்று வந்து சட்டையை முதுகோடு ஒட்டியது. சாரல் வரப்போகிறது. கடைசி ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் கலவை அடைக்க வேண்டும், அடைத்தது காய வேண்டும். அடைத்தார். கரண்டி சுவரைச் சுரண்டுகிற சத்தத்தில் கீழே அந்த அறை எதிரொலித்தது. வெறும் அறை. அவள் சொன்னபடியே ஒரு செம்புகூட வைக்கவில்லை, கலவைச் சட்டியைக்கூட நேற்றே வெளியே எடுத்துவிட்டார். விடியற்காலையில் ஏறுமுன் ஒருமுறை உள்ளே போய் நின்று பார்த்தார். ஓடில்லாத கூரையில் வானம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. வந்தவளிடம் என்ன பேசுவது என்று அங்கே நின்று ஒத்திகை பார்த்தார். வா என்று சொல்லலாம். வா என்பது அழைப்பு, அவர் அழைத்து அவள் வரவில்லை. வந்தியா என்று கேட்கலாம். அது கண்முன்னே தெரிகிற விஷயம். எத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால் குறிப்புக் காகிதம் இல்லாமல் பேசியிருக்கிறார். முன்னால் ஒரு ஆள் நின்றால்தான் பேச வராது. கேட்டின் கொக்கி சத்தம் கேட்டது.

அவளைப் பிடரியும் முதுகுமாகத்தான் முதலில் பார்த்தார். மேலேயிருந்து பார்த்தால் அப்படித்தான். நரைத்த தலை, வகிடு அகன்றிருந்தது. தோளில் ஒரு பை, ஜிப் வைத்தது, கனமா இல்லையா என்று தெரியவில்லை. பழைய வீட்டு வாசலை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சாய்ப்பை நோக்கி நடந்தாள், நடக்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது, அவள் முதுகு வளைந்துவிட்டிருந்தது. இடுப்புக்கு மேலே மொத்தமாக முன்னால் சாய்ந்து, மண்ணில் எதையோ தேடுகிறவள் போல நடந்தாள். அந்த உயரமான வாசலில், நிமிர்ந்து நுழையட்டும் என்று ஒரு சாண்கூடக் குறைக்காத வாசலில், அவள் தலைக்கு மேல் இன்னொரு ஆள் நுழைகிற இடம் மிச்சமிருக்கும். வாசலருகே நின்றாள். ஒரு கையை உயர்த்தி நிலையின் மேல்கட்டையைத் தேடினாள். எட்டவில்லை. கை வெறும் காற்றில் கொஞ்சநேரம் நின்றது. பிறகு உள்ளே போய்விட்டாள். இறங்கிப் போக வேண்டும் என்று நினைத்தார். கலவை காயவில்லை, தார்ப்பாய் போட வேண்டும் என்றும் நினைத்தார். மேலிருந்து பேசுவதுதான் பழக்கம் என்று நினைக்கவில்லை, நினைக்காமலே அங்கேயே மண்டி போட்டிருந்தார். அப்புறம் ஓடுகளுக்கு அடியிலிருந்து குரல் வந்தது, தேய்ந்த குரல், ஆனால் அதே குரல். "இது மாடத்தி." அவர் ஓட்டின் மேல் குனிந்தார். "என்னது?" "ஓட்டச் சொல்லுதேன். மூணு கீறு, மாடத்தி போடுவா. அந்தா பிறை, செண்பகம். அவ செத்துப்போனா." "எந்தச் செண்பகம்?" "உமக்குத் தெரியாதா? மறியல்ல மொத வரிசையில இருப்பாள்ளா." அவருக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, அடிப்பக்கத்தைக் கீழே கவிழ்த்துக் கவிழ்த்து அவர் போட்ட அத்தனை குறிகளும் இப்போது அவள் தலைக்கு மேலே, அவள் வாசிக்கும்படி இருந்தன. அவர் பக்கம் வெறும் சிவப்பு முதுகுகள். "மீன்முள்ளு யாருன்னு மறந்துட்டு," என்றாள். முதுகு வளைந்தவள் அண்ணாந்து பார்க்க எப்படி நிற்கிறாளோ. தரையில் மல்லாந்து படுத்துத்தான் பார்க்கிறாளோ. "உன் குறி எது?" என்று கேட்டார். மைக் இல்லாமல் மைதானத்தின் கடைசி வரை எட்டுகிற குரல் அது. ஓட்டைத் தாண்டியதா என்றே சந்தேகமாக வந்தது. பதிலுக்குப் பதிலாகச் சாரல்தான் வந்தது.

தார்ப்பாயை இழுப்பதற்குள் மேகம் இருட்டி நனைத்துவிட்டது. பொடிப்பொடியாக, சத்தமில்லாமல், மேற்கிலிருந்து படுக்கைவாட்டில் வந்து ஓடுகளின் முகத்தில் அப்பியது. தண்ணீர் சரிவில் இறங்குவதா ஏறுவதா என்று யோசிப்பது போல நின்று, பிறகு மெதுவாக இறங்கியது. அவர் கையால் கலவையைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் சிமெண்ட் தண்ணீர் கரைந்து வழிந்தது. "ஒழுகுது," என்றது கீழேயிருந்து குரல். கொம்பையா சொன்னது. தண்ணி ஓடணும், நடக்கக்கூடாது. "எங்க? எத்தனாவது வரிசையில?" "ஓட்டுல ஒண்ணும் இல்ல. ஓடு ஒரு சொட்டு விடல. உம்ம சுவத்தோரமா வருது." உம்ம சுவர். சரிதான், அவர் சுவர்தான். பழைய வீட்டின் சுவரும் புதிய கூரையும் சேருகிற இடம், அவர் கலவை, அவர் கை. அவள் கைபட்டது ஒன்றும் ஒழுகவில்லை. அப்படியென்றால் பார்த்தாகிவிட்டது, இனிப் பையை எடுப்பாள். பஸ் எப்போது என்று அவருக்குத் தெரியாது, வருகிற பஸ்ஸை மட்டும்தான் விசாரித்து வைத்திருந்தார். ஜிப் இழுபடுகிற சத்தம் கேட்டது. அடுத்து காலடி, அதற்கடுத்து கேட்டின் கொக்கி, அவ்வளவுதான், முன்பும் அவ்வளவுதான். தலையைத் தூக்காமல் அந்தக் கொக்கிச் சத்தத்துக்குக் காத்திருந்தார். முதுகில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. கொக்கி ஒலிக்கவில்லை. வேறொன்று கேட்டது. கணீரென்று, சின்னதாக, எவர்சில்வர் மேல் தண்ணீர் விழுகிற சத்தம். அந்த அறையில் அவர் ஒரு செம்புகூட வைக்கவில்லை. அது அவள் பையிலிருந்து வந்த பாத்திரம். இரண்டாவது சொட்டு விழுந்தது. "எங்குறிய இந்த இருட்டுல தேட முடியாது," என்றாள் கீழேயிருந்து, யாரிடமோ சொல்வது போல. "நாளைக்கு வெயில் வரட்டும்." அவர் கலவையைப் பொத்திய கையை எடுக்கவில்லை. அடுத்தடுத்த சொட்டுகளில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது, அடியில் தண்ணீர் சேரச் சேர.